குகைக்குள் இருந்த அழுக்கு

பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த புதிது. லண்டன் மாணவர்களின் வாழ்க்கை பற்றிய ஒரு கட்டுரை என் மேஜைக்கு வந்தது. அதில் ஒரு வாடகை அறையை 'குரோட்டி' என்று வர்ணித்திருந்தார்கள். அலுவலகத்தின் பழைய அகராதியில் அந்தச் சொல் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் 'குரோட்டோ' இருந்தது. குகை. சரி, 'குகை போன்ற அறை' என்று எழுதினேன். அச்சாகியும் விட்டது.

"தமிழ் எம்.ஏ.வுக்குக் குகைக்கும் குப்பைக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று உதவி ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். குரோட்டி என்றால் அழுக்கான, அருவருப்பான. காது சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை நான் விடவில்லை.

விகாரம் என்று பொருள்படும் 'குரோட்டெஸ்க்' என்பதன் சுருக்கம் அது. 1964இல் வந்த பீட்டில்ஸ் படமான 'எ ஹார்ட் டேஸ் நைட்'டில் சில சட்டைகளைப் பார்த்து ஜார்ஜ் ஹாரிசன் அப்படிச் சொல்வார்; எதிரே இருப்பவருக்குப் புரியாமல் விளக்கமும் தருவார். வசனம் அலன் ஓவனுடையது. அதைச் சொல்லும்போதெல்லாம் ஜார்ஜ் கூச்சத்தில் நெளிந்தார் என்று ஜான் லெனன் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். நடிகர் கூசினாலும் சொல் ஊரெல்லாம் பரவிவிட்டது.

சரி, குரோட்டெஸ்க் எங்கிருந்து வந்தது? ரோமில் நீரோ மன்னன் கட்டிய பொன் மாளிகை மண்ணில் புதைந்து கிடந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குள் இறங்கியவர்களுக்கு அது குகையாகத்தான் தெரிந்தது. சுவர்களில் பாதி மனிதன், பாதி கொடி என்று விநோத ஓவியங்கள். குகைப் பாணி என்ற பொருளில் இத்தாலியர் அவற்றை 'குரோட்டெஸ்கா' என்றார்கள். விநோதம் விகாரமாகி, விகாரம் கடைசியில் அழுக்குச் சட்டையில் வந்து நின்றது. ஆக, என் குகை அப்படியொன்றும் தப்பில்லை! இதைச் சொல்லலாம் என்று பார்த்தால் உதவி ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

சங்கப் பாடல்களில் மணம் வீசிய 'நாற்றம்' இன்று மூக்கைப் பொத்த வைக்கிறதே, அதே கதை. அழுக்குக்கு பிரிட்டிஷ்காரர்கள் சொல்லும் இன்னொரு சொல்லான 'மாங்க்கி'யின் வேர், ஊனமுற்ற என்று பொருள்படும் லத்தீன் 'மான்கஸ்' என்கிறார்கள். 'மிங்கிங்' ஸ்காட்லாந்துச் சரக்கு. அதன் பூர்வீகத்தைச் சாப்பிடும் நேரத்தில் விசாரிக்காமல் இருப்பது நல்லது.

இப்போது குரோட்டி வந்தால் 'கண்றாவி' என்று போடுகிறேன். அராவுவது என்றால் அரத்தால் தேய்ப்பது. இது கண்ணையே அராவுகிறது. போன மாதம் ஓர் இளைஞர் அதை 'அசுத்தமான' என்று திருத்திக் கொண்டுவந்தார். உட்காரச் சொல்லி, நீரோவிலிருந்து ஆரம்பித்தேன்.