பிகாஸா, சின்ஸா, ஆஸா?

நம்மில் பலர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் கடிதம் லீவ் லெட்டர்தான். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." என்று ஆரம்பிக்கும். காய்ச்சல் இருந்ததோ இல்லையோ, அந்த 'ஆஸ்' தவறாமல் இருக்கும். வாத்தியாரும் காரணத்தைப் படிக்க மாட்டார், எத்தனை நாள் என்று மட்டும் பார்ப்பார்.

வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆனாலும் இந்தப் பழக்கம் போவதில்லை. தமிழில் காரணம் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். "மழை பெய்ததால் வரவில்லை." அதே வரிசையில் ஆங்கிலத்திலும் காரணத்தை முன்னால் வைத்து, அதன் தலையில் ஒரு ஆஸோ சின்ஸோ போட்டுவிடுகிறோம். இலக்கணப்படி தப்பே இல்லை. ஆனால் சின்ஸும் ஆஸும் "இது உங்களுக்குத் தெரிந்ததுதான்" என்கிற தொனியில் காரணத்தைச் சொல்பவை. காரணமே செய்தி என்றால் பிகாஸ்தான் வேண்டும், அதுவும் வாக்கியத்தின் பின்பாதியில்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். "ஒய்?" என்று யாராவது கேட்டால் பிகாஸ் என்றுதான் பதிலை ஆரம்பிக்க முடியும். சின்ஸ் என்று ஆரம்பித்தால் காதுக்கே ஒட்டாது. 'ஒன்லி பிகாஸ்' உண்டு, 'ஒன்லி சின்ஸ்' கிடையாது. நம் 'ஏனெனில்' மாதிரிதான். 'ஏன் எனில்' என்று கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

சின்ஸுக்கு இன்னொரு சிக்கல். 'அதிலிருந்து' என்கிற காலப் பொருள்தான் அதற்கு மூத்தது, காரணப் பொருள் பிறகு வந்தது. புனேயில் எங்கள் குடியிருப்பில் ஒரு நண்பர், வீட்டுக்கு ஒரே பிள்ளை. செங்கல்பட்டில் தனியாக இருக்கும் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதினார்: "சின்ஸ் மை மதர் ஹேட் அ ஃபால், ஐ ஹேவ் பீன் திங்கிங் ஆஃப் அ ட்ரான்ஸ்ஃபர்." மேலதிகாரி அதைக் காலமாகப் படித்துவிட்டு, "எத்தனை மாதமாக யோசிக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, வாக்கியம் அப்படித்தான் சொல்கிறது.

இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். "ஐ நீட் அ ட்ரான்ஸ்ஃபர் டு சென்னை பிகாஸ் மை மதர் கெனாட் வாக் அண்ட் லிவ்ஸ் அலோன்." அவ்வளவுதான். மாற்றல் இன்னும் வரவில்லை. ஆனால், "அம்மாவைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேள்வி வந்திருக்கிறது.

பிகாஸிலும் ஒரு பள்ளம் உண்டு. "ஐ டிட்ன்ட் கம் டு புனே பிகாஸ் ஆஃப் மணி" என்றால், வந்தது பணத்துக்காக இல்லை என்றும் படிக்கலாம், பணத்தால் வராமலே போய்விட்டேன் என்றும் படிக்கலாம். 'நாட்' வரும்போது இரண்டு வாக்கியமாக உடைத்துவிடுவது நல்லது. "ஆஸ் ஐ வாஸ் இல், ஸோ ஐ டிட் நாட் கம்" என்று இரட்டைப் பூட்டு போடுவதும் வேண்டாம், ஒன்று போதும். காரணம் சொல்லும் 'ஃபார்' பழைய கதைப் புத்தகங்களோடு இருக்கட்டும்.

ஊரை விட்டு வந்தவர்கள் லீவுக்கும் மாற்றலுக்கும் காரணம் எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். முக்கால்வாசி வெறும் சம்பிரதாயம், அதற்கு ஆஸ் தாராளமாகப் போதும். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றால் மட்டும் பிகாஸ் போட்டு எழுதுங்கள்.