பற்றுச்சீட்டும் பதில் சொல்லும் ஆளும்

சில மாதங்களுக்கு முன்னர் ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அவன் மென்பொருள் பொறியியலாளன். கிளிநொச்சியில் தனியே வசிக்கும் தன் தாயாருக்கு, அதாவது என் அக்காவுக்கு, மருந்துக் காசு கட்டும் பொறுப்பை இனிக் கணனியிடமே ஒப்படைக்கப் போவதாகச் சொன்னான். அயல்வீட்டுப் பிள்ளை மருந்துக்கடைச் சிட்டையைப் படமெடுத்து அனுப்பினால் போதுமாம். செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்று அதை வாசித்து, தொகையைச் சரிபார்த்து, அவனுடைய கணக்கிலிருந்து கடைக்காரரின் கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிடுமாம்.

"ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்கத் தேவையில்லை மாமா, அது தானே பார்த்துக்கொள்ளும்" என்றான்.

இதில் கற்பனை ஏதுமில்லை. 2025 ஏப்ரலில் விசா, மாஸ்ரர்கார்ட் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய முகவர்கள் பணம் செலுத்துவதற்கான ஏற்பாடுகளை அறிவித்தன. அதே ஆண்டு செப்ரெம்பரில் கூகிள் இதற்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. எதை, எவ்வளவுக்கு வாங்கலாம் என்று உரிமையாளர் இலத்திரனியல் கையொப்பமிட்டுக் கொடுக்கும் ஆணையே அதன் அடிப்படை. ஒக்ரோபரில் இந்தியாவில் யுபிஐ வழியாகவும் இதற்கான பரீட்சார்த்த முயற்சி ஆரம்பமானது.

முகவர் என்ற சொல் என்னை 2004ஆம் ஆண்டுக்கு இட்டுச் சென்றது. அது சமாதான காலம். ஏ9 வீதி திறந்திருந்தது. செய்தி சேகரிக்கச் சென்ற நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அத்தான் ரொறன்ரோவில் உண்டியல்காரரிடம் டொலரைக் கொடுப்பார். அந்த டொலர் கடல் கடப்பதில்லை. கிளிநொச்சியில் இருக்கும் அவருடைய ஆள் தன் கையிருப்பிலிருந்து ரூபாயைக் கொடுப்பார். கணக்கை இருவரும் பின்னர் தமக்குள் தீர்த்துக்கொள்வார்கள். சட்டம் அதை ஏற்பதில்லை. பற்றுச்சீட்டும் கிடையாது.

ஒருமுறை அக்காவின் பணம் அடுத்த தெருவில் அதே பெயருடைய இன்னொருவரிடம் போய்விட்டது. மறுநாள் மாலை உண்டியல்காரரே சைக்கிளில் வந்தார். முற்றத்தில் நின்றபடி மன்னிப்புக் கேட்டு, முழுத் தொகையையும் தன் கைக்காசிலிருந்து எண்ணிக் கொடுத்தார். "பெயர் கெட்டால் நாளைக்கு ஆர் என்னை நம்பிக் காசு தருவினம்?" என்று அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. உண்டியலில் ஏமாந்தவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிழைத்தால் எந்த வீட்டுப் படலையைத் தட்டுவது என்பது தெரிந்திருந்தது.

இதற்கு மறுதலையான அனுபவமும் வன்னிக்கு உண்டு. 1994இல் தொடங்கப்பட்ட தமிழீழ வைப்பகத்தில் மக்கள் பணத்தை வைப்பிலிட்டார்கள். நகைகளை அடகு வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஆதாரம் இருந்தது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது பதில் சொல்வதற்கு அந்த நிறுவனமே இருக்கவில்லை. மீட்கப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது 2025 மே மாதத்தில்தான். பதினாறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இந்த இரண்டையும் பார்த்தவனுக்குக் கணனி முகவர் மீது ஓர் ஐயம் எழுவது இயல்பு. அதனிடம் ஆதாரத்துக்குக் குறைவிருக்காது. ஒவ்வொரு சதத்துக்கும் பதிவு இருக்கும். ஆனால் உண்டியல்காரரின் பெடியன் தன் முதலாளியின் சொல்லை மட்டுமே கேட்டான். வழியில் யாரோ மறித்து, "அந்தக் காசை என்னிடம் தா" என்றால் கொடுத்திருக்க மாட்டான். இந்த முகவரோ தான் வாசிக்கும் எழுத்துக்கும் எசமானின் கட்டளைக்கும் இடையிலான வேறுபாட்டைச் சில வேளைகளில் தவறவிடுகிறது. சிட்டையின் மூலையில் "பணத்தை இந்தக் கணக்குக்கு அனுப்பு" என்று எவரேனும் எழுதிவைத்தால், அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. துறைசார்ந்தவர்கள் ஒப்புக்கொள்ளும் குறைபாடு இது.

அக்காவிடம் விடயத்தை விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உது பிழையான ஆளுக்குக் காசைக் குடுத்தால் நான் ஆரிட்டைப் போய்க் கேட்கிறது?" என்றார்.

அதே கேள்வியை மருமகனிடம் வைத்தேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பின்னர், "என்னட்டைக் கேட்கச் சொல்லுங்கோ மாமா" என்றான்.

அதன் பின்னரே ஏற்பாட்டைத் திருத்தினான். அந்த ஒரு மருந்துக்கடைக்கு மட்டுமே பணம் போகும். மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. கணக்கிலக்கம் மாறினால் அவன் சம்மதிக்கும்வரை ஒரு சதமும் நகராது. பணம் போய்ச் சேர்ந்த அன்று தாயாரை அவனே அழைத்துக் கேட்கிறான். அந்த அழைப்பை மட்டும் முகவரிடம் விடவேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

புலம்பெயர்ந்து வாழும் நண்பர்கள் பலரும் விரைவில் இத்தகைய முகவர்களை அமர்த்திக்கொள்ளக்கூடும். தடுப்பதற்கில்லை, வசதியானதுதான். ஆனால் கையொப்பமிடும் முன்னர், பிழைத்தால் யாரைக் கேட்பது என்பதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.