கம்போடியாவிற் பன்னிரண்டு நாட்கள்

கம்போடியா என்றதும் நம்மவருட் பெரும்பாலார்க்கு நினைவில் எழுவது அங்கோர் வாட் என்னும் பெருங்கோயிலே. விமானத்தில் வந்திறங்கி, மூன்று நாள் அனுமதிச் சீட்டைப் பெற்று, கோபுரங்களின் பின்னே கதிரவன் எழுவதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோரே அந்நாட்டுக்குச் செல்வோருட் பலர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அங்கோர் காணத் தக்கதே. ஆயினும், அதனை மட்டும் கண்டு திரும்புவோர் அந்நாட்டின் கதையிற் பாதியையே அறிந்தவராவர். மற்றப் பாதியையும் ஓரளவு காணும் வாய்ப்பு, கணித ஆசிரியராகிய நண்பர் ஒருவருக்கும் எனக்கும் ஒரு மார்கழி விடுமுறையிற் கிட்டியது.

ஆளுக்கொரு முதுகுப்பை. அதனுள் இரண்டு மாற்றுடை, ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு குறிப்புப் புத்தகம். பயண நிறுவனம் வகுத்த வழியும் இல்லை. முன்கூட்டிப் பதிந்த விடுதியும் இல்லை. கொழும்பிலிருந்து பாங்கொக் வழியாக விமானத்திற் சென்று புனோம் பென் நகரில் இறங்கி, ஆற்றங்கரைக்கு அண்மையில் மின்விசிறி சுழலும் சிறிய அறை ஒன்றை வாடகைக்குப் பெற்றோம். நண்பர் எதனையும் எண்ணிப் பார்க்கும் இயல்பினர்: படிகளை எண்ணுவார், தூண்களை எண்ணுவார், இரவில் அன்றைய செலவை ரியெலிலும் டொலரிலும் எழுதிக் கூட்டுவார். எனக்கோ ஊர்ப் பெயர்களிலும் சொற்களிலுமே நாட்டம். இவ்வாறு ஒருவர் எண்ணையும் மற்றவர் எழுத்தையும் பார்த்துக்கொண்டமையால் வழியிற் சச்சரவுக்கு இடமிருக்கவில்லை.

புனோம் பென் நகரின் எதிரே மீகொங் பேராறும் தொன்லே சாப் ஆறும் கூடுகின்றன. தொன்லே சாப் ஆற்றுக்கு ஒரு புதுமை உண்டு. மழைக்காலத்தில் மீகொங் பெருகும்போது, அதன் வெள்ளம் இவ்வாற்றினுட் புகுந்து, நீரோட்டத்தைப் பின்னோக்கித் திருப்பி, வடமேற்கிலுள்ள பெரிய ஏரியை நிரப்புகிறது. கோடையில் ஏறக்குறைய 2,500 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அவ்வேரி, மழைக்காலத்தில் 10,000 சதுர கிலோமீற்றருக்கு மேலாக விரிகிறது. மழை ஓய்ந்ததும் ஆறு மீண்டும் திசை மாறிக் கடலை நோக்கி ஓடத் தொடங்கும். நவம்பர் மாதப் பௌர்ணமியையொட்டி வள்ளப் போட்டிகளுடன் நடைபெறும் நீர்த் திருவிழா அம்மாற்றத்தைக் கொண்டாடுவதாகும். ஏரியின் மீனே மக்களின் அன்றாட உணவு. அதனைப் புளிக்க வைத்துச் செய்யும் ‘பிரஹொக்’ மணத்தாற் புதியோரைத் துரத்தினும், கருவாட்டுக்குப் பழகிய நம்மை அத்துணை அச்சுறுத்தவில்லை.

தெருவிற் காணும் பெயர்ப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் பார்ப்பதில் என் முதல் நாள் கழிந்தது. கெமர் எழுத்து, பல்லவர் காலக் கிரந்த எழுத்தின் வழி வந்தது. வடிவங்கள் நமக்கு விளங்காவிடினும், சொற்களுட் சில செவிக்கு உறவானவை. நகரம் என்பது அங்கே ‘நொகோர்’; அதன் திரிபே அங்கோர். குரு என்பது ‘க்ரூ’. ஆசிரியரை ‘லோக் க்ரூ’ என்றும், ஆசிரியையை ‘நெயாக் க்ரூ’ என்றும் அழைப்பர். பள்ளிக்குச் ‘சாலா’ என்று பெயர். நம் பாடசாலையிலுள்ள சாலையே அது. உயர்தரப் பள்ளியோ ‘வித்யாலை’. மகா வித்தியாலயங்கள் மலிந்த நாட்டிலிருந்து சென்ற ஆசிரியர் இருவருக்கு இதைக் கேட்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுவதில்லை.

மறுநாட் காலை நாம் சென்ற இடமும் ஒரு வித்யாலையே. தூல் ஸ்லெங் என்று இன்று உலகம் அறியும் அவ்விடம், 1975 ஆம் ஆண்டுக்கு முன்னர் மாணவர் பயின்ற உயர்தரப் பள்ளியாக இருந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 17 இல் கெமர் ரூஜ் படையினர் புனோம் பென் நகரைக் கைப்பற்றி, மக்கள் அனைவரையும் வயல்களுக்கு விரட்டினர். பணம், சந்தை, பள்ளி யாவும் ஒழிக்கப்பட்டன. 1979 ஜனவரி 7 வரை நீடித்த அவ்வாட்சியில், ஏறத்தாழ 80 இலட்சம் மக்களுள் 15 முதல் 20 இலட்சம் வரையானோர் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. கற்றவர்களும் ஆசிரியர்களும் குறிவைத்து அழிக்கப்பட்டனர். அக்காலத்தில் இப்பள்ளி ‘எஸ்-21’ என்னும் இரகசியச் சிறையாயிற்று.

மூன்று மாடிக் கட்டடங்கள். இடையே பிள்ளைகள் ஓடி விளையாடிய முற்றம். வகுப்பறைகளைச் செங்கல்லாலும் பலகையாலும் தடுத்து, ஒருவர் கால் நீட்டற்கும் போதாத அறைகளாக்கியுள்ளனர். விறாந்தையை முள்ளுக்கம்பி மூடியுள்ளது. கைதிகள் மேலிருந்து குதித்து உயிர்விடாதிருத்தற் பொருட்டாம். உடற்பயிற்சிக்கு நாட்டிய மரச்சட்டம் வதைக் கருவியாயிற்று. சுவரெங்கும் புகைப்படங்கள். கொணரப்பட்ட ஒவ்வொருவரையும் படம் பிடித்து, மார்பில் இலக்கம் குத்தி, பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தனர். ஆண்கள், தாய்மார், பள்ளிச் சிறுவர் — யாவர் மார்பிலும் இலக்கம். பதினாலாயிரம் பேருக்கு மேற்பட்டோர் உட்சென்ற அவ்விடத்திலிருந்து உயிருடன் மீண்டோர் மிகச் சிலரே. ஓவியம் வரையத் தெரிந்தமையால் வான் நாத் பிழைத்தார்; இயந்திரம் திருத்தத் தெரிந்தமையால் சும் மெய் பிழைத்தார். 2025 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

யுத்த காலத்திற் பாடசாலைகள் அகதி முகாம்களாகவும் படை முகாம்களாகவும் ஆனதைக் கண்ட நமக்கு, வகுப்பறை வேறொன்றாக மாறுவது முற்றும் புதிதன்று. எனினும் எங்களைத் திகைக்க வைத்தது இன்னொரு செய்தி. இச்சிறையின் தலைவனாக இருந்தவன் டூச் என அழைக்கப்பட்ட காயிங் குவெக் இயெவ். கெமர் ரூஜ் இயக்கத்திற் சேருமுன் அவன் செய்த தொழில் கணித ஆசிரியத் தொழில். 2010 இற் குற்றவாளியாகக் காணப்பட்டு, 2012 இல் ஆயுட்சிறை விதிக்கப்பெற்று, 2020 இல் அவன் இறந்தான்.

அதை வாசித்த பின்னர் நண்பர் எதையும் எண்ணவில்லை, மாலைவரை பேசவுமில்லை. ஆற்றங்கரையில் தேநீர் அருந்தும்போது, “மாஸ்டர், கணக்கிற் பிழை விடாத ஒருவனை உருவாக்குவது எங்களுக்குச் சுலபம். அதற்கு மேலே நாங்கள் என்ன கற்பிக்கிறோம்?” என்றார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவ்வினாவையும் பைகளோடு சுமந்துகொண்டே அடுத்த நாள் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம்.

ஆறாம் இலக்க நெடுஞ்சாலையிற் பஸ் வண்டி ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்துள், வண்டியின் இருபுறமும் நம் ஊரே வந்துவிட்டதோ என்னும் மயக்கம் உண்டாயிற்று. அறுவடைக்கு முற்றிய வயல். வரம்பிலே வரிசையாகப் பனை! கம்போடியாவின் தேசிய மரம் பனை என்பதை நம்முட் பலர் அறியார். கம்பொங் தோம் என்னும் ஊரில் இறங்கி, மறுநாள் அண்மைக் கிராமம் ஒன்றிற் பனை சீவுவோரைக் கண்டோம். நம்மவர் தளைநார் பூட்டி ஏறுவர். அங்கே கணுக்களில் மிதிகட்டை விட்டு வெட்டிய நீண்ட மூங்கிலை மரத்தோடு கட்டி ஏணியாக்கிக்கொள்கின்றனர். நம் முட்டிக்குப் பதிலாக மூங்கிற் குழாய். புளியாதிருத்தற்கு நாம் சுண்ணாம்பிடுவோம். அவர்கள் ஒருவகை மரத்தின் சிராய்களை இடுகின்றனர். பெரிய தாச்சியிற் பாணி கொதிக்கும் மணத்தில் மட்டும் வேற்றுமை எதுவும் இல்லை. சுடச்சுடத் தந்த பனங்கட்டியை வாயிலிட்டதும் நண்பரின் முகத்தில் மீண்டும் ஒளி வந்தது.

அங்கிருந்து சம்போர் பிரெய் குக் என்னும் இடத்துக்கு மோட்டார் சைக்கிளிற் சென்றோம். அங்கோருக்கும் முற்பட்டு, 7 ஆம் நூற்றாண்டில் ஈசானவர்மனின் தலைநகராகிய ஈசானபுரம் இருந்த இடம் அது. காட்டினுள்ளே எண்கோண வடிவிற் செங்கற் கோயில்கள் நிற்கின்றன. எங்களை அழைத்துச் சென்ற இளைஞர், நாங்கள் ஆசிரியர்கள் என்று அறிந்ததும், ஓய்வு பெற்ற ஆசிரியையாகிய தம் பெரியதாயாரின் வீட்டுக்கு அழைத்துப் போனார். மரத்தூண்களின் மேலே அமைந்த வீடு. கீழே நிழலிற் பாய் விரித்து, அம்மூதாட்டி எங்களைக் கைகூப்பி வரவேற்றார். நாங்களும் கைகூப்பி ‘நெயாக் க்ரூ’ என்றோம். அவர் முகம் மலர்ந்தது.

இளைஞர் மொழிபெயர்க்க, அவர் தம் கதையைச் சொன்னார். 1975 இல் அவர் ஆறாம் வகுப்பு மாணவி. பின்னர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வயலிலும் வாய்க்கால் வெட்டுவதிலும் கழிந்தன. 1979 இல் மீண்டும் பள்ளி தொடங்க முயன்றபோது, ஊரிற் பழைய ஆசிரியர் ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. அதிகம் தெரிந்தவர் குறைவாகத் தெரிந்தவருக்குக் கற்பிப்பது என்பதே அந்நாளில் நாடெங்கும் கைக்கொண்ட முறை. எழுத வாசிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால், பதினேழு வயதில் அவர் ஆசிரியையானார். புத்தகம் இல்லை, பலகை இல்லை, பனை நிழலே வகுப்பறை. ஒருவர் நினைவில் எழுத்து வரிசை இருந்தது. இன்னொருவர் நினைவிற் பெருக்கல் வாய்பாடு இருந்தது. அவற்றை ஒன்றுகூட்டிப் பாடமாக்கினர். சம்பளம் அரிசியே, பணம் என்பது 1980 இலேதான் அந்நாட்டுக்குத் திரும்பி வந்தது.

“அம்மா, முதல் நாளில் என்ன கற்பித்தீர்கள்?” என்று நண்பர் கேட்டார்.

“பெயர் எழுதக் கற்பித்தேன். முதலில் தன் பெயர். பிறகு தாய் தகப்பன் பெயர். பலருக்குத் தாய் தகப்பன் இல்லை. ஆனாலும் பெயர் இருந்ததல்லவா?” என்றார் அவர்.

இவ்வளவும் கேட்ட பின்னரே நாம் சியெம் ரீப் நகரை அடைந்து, அங்கோரைக் கண்டோம். 12 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எடுத்த அங்கோர் வாட் கோயிலை வருணிக்க இக்கட்டுரையில் இடமில்லை. மேற்கு வாயிலில் எட்டுக் கைகளுடன் நிற்கும் திருமாலுக்குப் பௌத்த மக்கள் இன்றும் ஊதுவத்தி ஏற்றி வணங்குகின்றனர். மேலைச் சுற்றுச் சுவரிலே இலங்கைப் போர் நீளச் செதுக்கப்பட்டுள்ளது. பத்துத் தலையும் இருபது கையுமாக இராவணன் தேரில் நிற்க, நண்பர் கைகளை எண்ணிச் சரிபார்த்தார். இலங்கையரை இலங்கைப் போர் அத்துணைத் தொலைவில் எதிர்கொண்டது.

ஆயினும் எங்களை நெடுநேரம் நிறுத்தியது பாப்புவோன் என்னும் கோயில். 11 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் உதயாதித்தவர்மன் சிவபெருமானுக்கு மலைபோல் எழுப்பிய அக்கோயில் காலப்போக்கிற் சரிந்தது. 1960 ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு ஆய்வாளர், அதனைப் பிரித்து மீளக் கட்டுதற்காக ஏறக்குறைய 3 இலட்சம் கற்களைக் கழற்றி, இலக்கமிட்டு, காட்டினுட் பரப்பி வைத்தனர். இடையே யுத்தம் மூண்டது. எந்தக் கல் எந்த இடத்துக்கு உரியது என்று காட்டிய ஏடுகள் அழிந்தன. 1995 இல் வேலை மீண்டும் தொடங்கியபோது காட்டினுட் கற்கள் மட்டுமே கிடந்தன. சாந்தின்றி அடுக்கிய கட்டடமாதலின், ஒரு கல்லின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. பாரிஸ் நகரில் எஞ்சியிருந்த பழைய புகைப்படங்களின் உதவியோடு, ஒவ்வொரு கல்லாகப் பொருத்திப் பார்த்து, 2011 இல் வேலையை முடித்தனர். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் அரை நூற்றாண்டு.

அக்கோயிலின் படியில் அமர்ந்திருந்தபோதுதான் நண்பர் தம் பழைய வினாவுக்கு வந்தார். “அங்கே மனிதருக்கு இலக்கமிட்டார்கள், அழிப்பதற்கு. இங்கே கல்லுக்கு இலக்கமிட்டார்கள், திரும்ப அதனிடத்தில் வைப்பதற்கு. எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றுதான், மாஸ்டர். எதற்காக எண்ணுகிறோம் என்பதை யார் கற்பிக்கிறார்?” என்றார். பாய் விரித்து எங்களை இருத்திய மூதாட்டியை நான் நினைத்துக்கொண்டேன். அவர் தொடங்கியது இலக்கத்திலிருந்து அன்று, பெயரிலிருந்து.

கற்கள் தம்மிடத்துக்குத் திரும்பின. தூல் ஸ்லெங் சுவர்களில் உள்ளவர்கள் திரும்பார். எனினும் ஏடும் ஆசிரியரும் அழிந்த ஒரு நாடு, நினைவில் எஞ்சியதைக் கொண்டே தன் பள்ளிகளை மறுபடி எழுப்பிக்கொண்டது. அஃது அங்கோரிலும் சிறிய செயலன்று.

முதுகுப்பையுடன் புறப்பட எண்ணும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை. அங்கோருக்கான மூன்று நாட் சீட்டின் விலை 2017 முதல் 62 டொலர். அதனைச் சேமித்து வைத்திருங்கள். ஆனால், அங்கே இறுதியாகச் செல்லுங்கள். முதலில் ஒரு நாளைத் தூல் ஸ்லெங்குக்கும், இரண்டொரு நாளைப் பனை நிற்கும் கிராமங்களுக்கும் ஒதுக்குங்கள். வழியில் ஓர் ஆசிரியரைக் காண நேர்ந்தாற் கைகூப்பிக் ‘க்ரூ’ என்று அழையுங்கள். அச்சொல் அவர்க்கும் நமக்கும் பொது.