"அனிமேல இருந்தா ஆரம்பிச்சே?"

எங்க ஏரியாவுக்கு 'குட்டி ஜப்பான்'னு ஒரு பட்டப்பெயர் உண்டு. நேரு வெச்ச பேர் என்பார்கள். 1922-ல் சிவகாசியில் இருந்து கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த அய்ய நாடார், சண்முக நாடார் கதையைக் கேட்காமல் இந்தப் பக்கம் யாரும் வளர்ந்திருக்க முடியாது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம்... மூணும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பேர். ஆனால் ஒரிஜினல் ஜப்பானுக்கும் எனக்கும் இருந்த உறவு, டி.வி.யில் தமிழ் பேசின டோரேமானோடு முடிஞ்சுபோச்சு. போன மாசம் வரைக்கும்!

சூலக்கரையில் எங்கள் வீடு. வீட்டில் எனக்கு ஒரு தங்கச்சி. சித்தி மகள். நாலு வருஷமா எங்க வீட்டில்தான் வளர்கிறாள். இப்போ பத்தாம் வகுப்பு. எந்நேரமும் காதில் ஹெட்போன். சாப்பிடக் கூப்பிட்டாலும் தட்டைத் தட்டித்தான் கூப்பிடணும்.

"அப்படி என்னதான் பாட்டு கேக்குற?"

"உனக்குப் புரியாதுண்ணே."

இன்ஜினீயரிங் படிக்கிறவனைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்லலாமா? அவள் தூங்கின பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். (தப்புதான், தெரியும்.) ஒரே பேர் வரிசையா நின்றது... 'ககெரோ ப்ராஜெக்ட்'.

சிலபஸ் பார்க்காமல் கடைசி யூனிட்டில் இருந்து படிக்கிற பரம்பரை ஆச்சே நாம! நேரா அனிமேவில் குதித்தேன். பேர் 'மெககுசிட்டி ஆக்டர்ஸ்'. ஷாஃப்ட் ஸ்டுடியோ எடுத்தது, 2014-ல் வந்தது, மொத்தம் 12 எபிசோடு. ரெண்டு வருஷமா வீட்டை விட்டே வெளியே வராத ஒருத்தன். கீபோர்டில் சோடாவைக் கொட்டிவிடுகிறான். ஜப்பானில் முன்னோர்கள் வீடு திரும்புவதாகக் கும்பிடுகிற ஓபோன் சமயம், ஆன்லைன் டெலிவரி கிடையாது. புது கீபோர்டு வாங்கக் கடைக்குப் போனால் அங்கே துப்பாக்கியோடு ஒரு கும்பல். இவன் கம்ப்யூட்டருக்குள் நீலத் தலைமுடியோடு ஒரு பொண்ணு குடியிருக்கிறாள். யாரு, ஏன், எதுக்கு... ஒண்ணும் விளங்கலை. மூணாவது எபிசோடில் தூங்கிவிட்டேன்.

காலையில் அவளிடம் உளறினேன். பல மாசத்துக்கு அப்புறம், நான் கேட்காமலே அவள் ஹெட்போனைக் கழற்றினது அப்பத்தான்.

"அனிமேல இருந்தா ஆரம்பிச்சே? ஐயோ அண்ணே!"

விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார்கள், இவளா சிரிக்கிறாள் என்று.

அப்புறம் எனக்கு கிளாஸ் எடுத்தாள். மக்களே, நோட் பண்ணிக்கோங்க. இது முதலில் படமும் இல்லை, புத்தகமும் இல்லை, பாட்டு. ஹொக்கைடோவில் இருந்து வந்த ஜின் என்கிற பையன், 20 வயசில், 2011 பிப்ரவரியில் 'ஜின்ஸோ எனிமி' என்று ஒரு பாட்டைப் போட்டு 'நிக்கோ நிக்கோ டோகா' வீடியோ தளத்தில் ஏற்றினான். பாடினது மனுஷர் இல்லை, ஹட்சுனே மிக்கு! 2007-ல் வந்த, வரியும் மெட்டும் கொடுத்தால் பாடுகிற சாஃப்ட்வேர். பாடகிக்குக் கொடுக்கக் காசில்லாத பையன்கூட ராத்திரி உட்கார்ந்து முழுப் பாட்டு போட்டுவிடலாம். (எனக்கும் 20 வயசு. ரெண்டு அரியர் வெச்சிருக்கேன்.)

ஒவ்வொரு பாட்டும் ஒரு ஆளோட கதை. ஒரு பாட்டில் ரோட்டில் சும்மா கடந்து போகிறவன், இன்னொரு பாட்டில் ஹீரோ. யாரும் எதையும் விளக்க மாட்டார்கள், நாமதான் துண்டு துண்டா ஒட்டிக்கணும். ஆளுக்கொரு விதமா கண்ணில் சக்தி: ஒருத்திக்கு யார் கண்ணிலும் படாமல் மறையத் தெரியும், இன்னொருத்திக்கு ஊர்க் கண்ணு பூரா தன் மேல் விழாமல் தடுக்கத் தெரியாது. 2012 மே மாசம் ஜின்னே எழுதின முதல் நாவல் வந்தது. மொத்தம் எட்டு வால்யூம், 2017 கடைசியில்தான் முடிந்தது. நடுவில் மங்கா, அனிமே. மூணும் ஒரே கதையை மூணு விதமா சொல்லும். எது சரின்னு சண்டை போடக் கூடாதாம். கதைக்குள்ளேயே காலம் சுத்திச் சுத்தி வருகிறது, ஒவ்வொண்ணும் ஒரு சுத்து.

"முதல்ல பாட்டக் கேளு. அர்த்தம் தேடாத. ரெண்டாவது தடவ சப்டைட்டிலோட கேளு. அப்புறம் நாவல். அனிமே கடைசில."

எங்க ஹெச்.ஓ.டி.கூட இவ்வளவு தெளிவா சிலபஸ் சொன்னதில்லை.

வரிசையில் 'ககெரோ டேஸ்' வந்தது. 2011 செப்டம்பரில் வந்த பாட்டு. ககெரோ என்றால் வெயிலில் ரோட்டு மேல் நெளியுமே, அந்தக் கானல். ஆகஸ்ட் 15, நமக்கு மிட்டாய் கொடுக்கிற நாள், மத்தியானம். பூங்காவில் ஒரு பையன், ஒரு பொண்ணு. ஓடின பூனையைத் துரத்தி அவள் ரோட்டுக்குப் போகிறாள். லாரி. கண் விழித்தால் ஆகஸ்ட் 14. மறுநாள் வேற வழியில் கூட்டிப் போகிறான், மேலே இருந்து இரும்புக் கம்பிகள் விழுகின்றன. மறுபடி 14. இப்படியே வருஷக்கணக்கா. கடைசியில் அவளைத் தள்ளிவிட்டு இவன் லாரி முன்னால் பாய்கிறான். முடிஞ்சுதுன்னு நினைச்சால், எங்கேயோ ஒரு படுக்கையில் அந்தப் பொண்ணு கண் விழித்து, இந்தத் தடவையும் தோத்துட்டேனேன்னு பூனையைக் கட்டிக்கொள்கிறாள். அத்தனை நாளா அவளும் சுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அவள் போனில் அதிகம் ஓடின பாட்டு இதுதான்.

சித்தி ஃபயர் ஆபீஸ் வேலைக்குப் போனவர். சித்தப்பா இல்லை. விடிகாலையில் கம்பெனி வேன் வரும். அறைக்குள்ளே போறப்ப செம்புத் தகட்டில் கையை வெச்சு, 'உடம்புல இருக்க கரண்ட இறக்கிட்டுத்தான்யா போகணும்' என்று சொல்வார். ஸ்டாட்டிக் எலக்ட்ரிசிட்டியை நான் முதலில் படித்தது அவரிடம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து வெடித்தது. ஆஸ்பத்திரியில் மூணு நாள் இருந்தார்.

அன்றைக்கு ராத்திரி மொட்டைமாடியில் அவளிடம் கேட்டேன். "இந்தப் பாட்டயே ஏன் திரும்பத் திரும்பக் கேக்குற?"

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அன்னைக்கு அம்மா எந்திரிக்கவே இல்லண்ணே. அலாரம் அடிச்சு நின்னுருச்சு. நான்தான் வேன் வந்துரும்னு எழுப்பி விட்டேன்."

பதினோரு வயசில் எழுப்பி விட்டவள். நாலு வருஷமா தினமும் எழுப்பாமல் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நான் வீட்டில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். வியாழக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்கு வந்திருந்த சித்தி இருமிக்கொண்டே, 'நாளைக்கு லீவு போட்டுரலாம்னு பாக்கேன்' என்றார். அப்போ நான் பிளஸ் ஒன். ஸ்கூல் டூருக்கு ஐநூறு ரூபா கேட்டேன். அப்பாவிடம் கேட்கப் பயம், சித்தியிடம்தான் கேட்பேன். ஒரு நிமிஷம் யோசித்தார். 'சரிய்யா, சனிக்கிழமை சம்பளம் வாங்கித் தாரேன்' என்றார்.

அவள் திரும்பி என்னையே பார்த்தாள்.

"நீயுமாண்ணே?"

அதுக்கு மேல் ரெண்டு பேரும் பேசலை. கொசு கடிக்க ஆரம்பித்ததும் கீழே இறங்கினோம். ஹெட்போனை அவள் மாடியிலேயே மறந்து வைத்துவிட்டாள், நான் போய் எடுத்துவந்தேன்.

இப்போ நாவல் ஓடுகிறது. ஆங்கிலத்தில் யென் பிரஸ் போட்டிருக்கிறது. நான் படித்து, தமிழில் கதை சொல்லணும். அவள் கேட்பாள். நடுவில் தூங்கி வழிந்தால் காலில் கிள்ளுவாள். மூணாவது வால்யூமில் நிற்கிறோம். எனக்கு மாடல் எக்ஸாம், அவளுக்குப் பப்ளிக், ரெண்டு பேருக்கும் வீட்டில் திட்டு. கதையில் அந்தக் கீபோர்டு பையன் ஏன் ரெண்டு வருஷமா வீட்டுக்குள்ளேயே கிடந்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது வேற ஒரு பொண்ணோட கதை, சொன்னால் உங்களுக்கு சுவாரஸ்யம் போயிடும்.

போன ஞாயிறு விருதுநகர் போக நாலுவழிச்சாலையில் பஸ்ஸுக்கு நின்றோம். மத்தியானம் பன்னிரண்டரை. சாத்தூர் பக்கமிருந்து ரோடு பூரா தண்ணி ஓடுகிற மாதிரி நெளிந்தது.

"அண்ணே, அங்க பாரு... ககெரோ" என்றாள்.

பஸ் அதுக்குள்ளே இருந்துதான் வந்தது. ஏறினோம். சீட் இல்லை.