பானட்டின் நடுக்கோடு

மார்த்தாண்டத்தில் 2018-இல் திறந்த இரும்பு மேம்பாலத்தை ஒட்டி, பம்மம் போகும் வழியில் ஒரு மாடிக் கடை. கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் அங்கே முழுநேரப் பிழைப்பு. ஒரு பழைய மோரிஸ் மைனர் காரின் படங்களை அங்கே ஒன்றாக ஒட்டி 'மிக்சிங்' செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேலையைப் பார்க்கப் போனேன்.

கார் குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் கொட்டகையில் நிற்கிறது. முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டு. மைனருக்கு ஒற்றைக் கண்ணாடி வந்தது 1956-இல். அதே ஆண்டு நவம்பர் முதல் தேதிதான் இந்தப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக, இந்த வண்டி தயாரானபோது ஊர் சென்னை மாநிலத்தில் சேர்ந்திருக்கவில்லை. வண்டி இப்போது ஓடாது. அதன் எதிரில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரை சிமெண்டில் பதித்துவிட்டார்கள். முழு முகமும் ஒரே படத்தில் விழுகிற அளவுக்குப் பின்னால் தள்ளி நிற்க இடமில்லை. உரிமையாளர் செல்போனை நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாக எடுத்திருந்தார்.

துண்டுகளை அடுக்கினால் சேர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் எடுப்பவர் ஓரடி நகர்ந்தாலே விளக்கு பம்பருக்கு மேல் வேறு இடத்தில் உட்காரும். ஒரு படத்தில் வட்டமான ஹெட்லைட் அடுத்ததில் முட்டையாகிவிடும். வாசல் பக்கம் நீலம் ஏறியிருக்கும், சுவர்ப் பக்கம் மஞ்சள். நிறத்தைச் சமன்செய்வது சீக்கிரம் முடிந்தது. எங்கே வெட்டுவது என்பதற்குத்தான் கடையில் இந்த வேலையைச் செய்த பெண் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கி பானட்டின் நடுவில் நிறுத்தினார். மேலிருந்து கீழாக ஒரு பட்டை புடைத்திருந்தது.

"கண்ணாடிக் கம்பியில பிடிச்சு இந்தப் பட்டை வழியா இறங்கி பம்பருக்க நடுவுல விட்டா ஜாயிண்ட் தெரியாது அண்ணே."

அந்தப் பட்டைக்கு ஒரு கதை உண்டு. மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்கு, தயாரிப்பு தொடங்க இருந்த நேரத்தில் கார் ஒடுக்கமாகத் தெரிந்தது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலத்தில் கண் நிறைந்தது. பானட்டின் பட்டை அந்த நான்கு அங்குலம்தான். பம்பர்கள் முன்பே தயாராகிவிட்டதால், தொடக்க கால வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டித் தகடு வைத்து இணைத்தார்கள். இந்தக் கதையை அவருக்கு நான் சொன்னது பிறகுதான். கார் எங்கே ஒட்டப்பட்டதோ அங்கேயே படத்தையும் ஒட்டலாம் என்பதை அவர் கண் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தது.

உரிமையாளரின் மகன் ஒரு செயலியில் இதே படங்களைப் போட்டு நொடியில் சேர்த்து வைத்திருந்தார். பளபளப்பான கார். பானட் வழவழவென்று இருந்தது, பட்டையைக் காணோம். அதை நான் மோரிஸ் மைனர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒட்டு வேலை கணினியோடு வந்ததல்ல. 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் கத்தரியும் பசையும் டச்சப் பென்சிலுமாக, இறந்தவரைக் குடும்பத்தோடு உட்கார வைத்தார்கள். போட்டோஷாப் வந்தது 1990-இல். லேயர் என்ற வசதி 1994-இல்தான் சேர்ந்தது. இன்று மார்த்தாண்டத்து டிசைனர்கள் பிழைப்பது அந்த லேயரை நம்பித்தான். சீசனில் கல்யாணக் கட்டுகள் குவியும்போது கழுத்தும் கண்ணும் விட்டுப்போகும் என்கிறார்கள். கூலி ஆல்பத்தின் ஷீட் கணக்கில்தான். ஒரு ஒட்டுக்கோட்டுக்குச் செலவான மதியத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

உரிமையாளருக்கு இன்னொரு ஆசை இருந்தது. "மக்ளே, எனக்க அப்பா டிரைவர் கதவுப் பக்கம் நிக்கணும்." அப்பா காரோடு நிற்கும் படம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் இருந்தது. அதில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து, காரிலோ வலப்பக்கமிருந்து. ஒன்றைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது என்றேன்.

"பாட்டாவத் திருப்பினா சட்டைப் பாக்கெட் வலப்பக்கம் வரும், வாட்சும் கை மாறும். வண்டியத் திருப்பினா ஸ்டியரிங் இடப்பக்கம் போயிரும்" என்றார் அந்தப் பெண்.

கார் தெற்கு பார்த்து நிற்கிறது, படங்கள் காலையில் எடுத்தவை; மாலையில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும். "சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒருக்கா கூட எடுத்து அனுப்புங்கோ மாமா" என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டார். முதலில் சேர்த்து முடித்தது அத்தனையும் வீண். ஆனாலும் முகம் சுளிக்கவில்லை.

மாலைப் படங்கள் வந்ததும் மறுபடி ஒட்டினார். டயர் தரையைத் தொடும் இடத்தையும் செருப்படியையும் கருக்கினார்; இல்லாவிட்டால் இரண்டும் மிதக்கும். அப்பாவின் நிழலைத் தரையில் படுக்கவைத்து, மட்கார்டில் ஏறும் இடத்தில் அதன் வளைவுக்கேற்ப வளைத்தார். இந்த நிழல் கற்பனைதானே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் அந்த வண்டியை ஓட்டியவர். அந்த வெயில் அந்தக் கொட்டகையில் விழுந்த வெயில். பட்டையை அழிப்பதும் இந்த நிழலைப் போடுவதும் ஒன்றல்ல.

உரிமையாளர் கலரில் கேட்டார். சட்டை என்ன நிறம் என்று கேட்டார் அந்தப் பெண். போனில் உரிமையாளரின் அக்காள் சந்தன நிறம் என்றார், தம்பி இளநீலம் என்றார். கடைசியில் காரையும் கறுப்பு வெள்ளையாக மாற்றி, 12-க்கு 18 அளவில் பிரிண்டுக்கு அனுப்பினார்கள்.