ஆட்டுக்கு ஊசி போடுவதிலும் சாதி

"ஆடு வளர்ப்பில் என்ன தோழர் அரசியல்?" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். ஆலங்காயம் பக்கம் காலனியில் ஆடுகளோடு வளர்ந்தவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு நாலு ஆடு. பயனாளி பெண்ணாக இருக்க வேண்டும், நிலம் இருக்கக் கூடாது. என் அத்தைக்கும் செம்மறி கிடைத்தது. நிலமில்லாததே தகுதி என்றால் மேய்ப்பது எங்கே? எங்கள் பக்கம் மேய்ச்சல் புறம்போக்கு ஆக்கிரமிப்பில் கிடக்கிறது. மலையடிவாரம் காப்புக்காடு. மிச்சம் அறுவடை முடிந்த கொல்லைதான். கொல்லைக்காரர் சொன்ன கூலிக்கு வேலைக்குப் போகாவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

அடுத்தது கிடா. ஒரே கிடா இரண்டு வருடத்துக்கு மேல் பட்டியில் நின்றால் தனக்குப் பிறந்த பெட்டைகளோடே சேரும். குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கும், சாவு கூடும். 20, 25 பெட்டைக்கு ஒரு நல்ல கிடா போதும். ஆனால் மூணு பெட்டை வைத்திருப்பவர் கிடா வாங்கிக் கட்டுப்படியாகுமா? பெரிய மந்தைக்காரரிடம் இரவல் கேட்டால் கூலியில்லாமல் ஒரு நாள் வேலை செய்யச் சொல்வார். அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் காசு போட்டுப் பொதுவில் ஒரு கிடா வாங்கினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பக்கத்து ஊர்க் காலனிக் கிடாவோடு மாற்றிக்கொண்டார்கள். யாரிடமும் கை கட்டி நிற்கவில்லை.

நோய் விஷயத்தில் அப்படித் தனியாகச் சமாளிக்க முடியாது. முதல் மழைக்குத் துளிர்த்த புல்லை அளவு மீறித் தின்றால் துள்ளுமாரி வரும். கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். அதற்கு மழைக்கு முன்பே ஊசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்கு, குட்டிக்கு நாலு மாதம் ஆனதும் ஊசி. ஒரு முறை போட்டால் சுமார் 3 ஆண்டு காக்கும். ஆனால் கரைத்த மருந்து வெயிலில் நின்றால் வீண். எங்கள் ஊரில் முகாம் ஊர்த்தெருவில்தான் நடந்தது. காலனி ஆடுகள் கடைசியில் நின்றன. முறை வரும்போது மருந்து தீர்ந்திருந்தது. அந்த ஆண்டு அத்தையின் பட்டியில் இரண்டு ஆடு கழிச்சலில் செத்தன. அவள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஆடுகள் அவை.

மாட்டு வெக்கை நோயை உலகம் 2011இல் ஒழித்துவிட்டது. ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது இலக்கு. ஊர் ஆடும் காலனி ஆடும் ஒரே ஏரியில் தண்ணீர் குடிக்கும்போது, காலனியை விட்டுவிட்டு எப்படி ஒழிப்பார்கள்? இந்த ஆடுகளின் தோல் வாணியம்பாடி, ஆம்பூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அங்கே சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர்களும் நம் ஆட்கள். தோல் வரைக்கும் நம் உழைப்பு வேண்டும், ஊசி மட்டும் நம் தெருவுக்கு வராதா?

தோழர்களே, உங்கள் காலனியில் எத்தனை ஆடு இருக்கிறது என்று எண்ணுங்கள். மழைக்கு முன் காலனியிலேயே முகாம் நடத்தக் கேட்டுக் கால்நடை மருந்தகத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம சபையில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். போன முகாமில் எந்தத் தெருவில் எத்தனை ஆட்டுக்கு ஊசி போட்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.