பின்னோக்கிய நடை

கயிறு திரிப்பவன் பின்னோக்கி நடந்தே தன் தொழிலைச் செய்கிறான். இராட்டினத்தில் ஒரு முனையை மாட்டிவிட்டுக் கையிலுள்ள தும்பைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டு அவன் பின்னே செல்லச் செல்லக் கயிறு நீள்கிறது. நாற்று நடும் பெண்களும், நட்டதை மிதியாதிருக்கும்பொருட்டுப் பின்னோக்கியே நகர்கின்றனர். கயிறிழுத்தற் போட்டியில் வெல்லும் பக்கம் செல்வதும் பின்னோக்கியே. இருந்தும் பின்னடைவு, பிற்போக்கு, பின்வாங்கல் எனத் தமிழில் இத்திசையைக் குறித்த சொற்கள் பலவும் இகழ்ச்சிக்கே உரியனவாயின. புறங்காட்டி ஓடுதலும் பின்னோக்கி நடத்தலும் ஒன்றல்ல. முன்னவன் தான் விட்டுச் செல்வதைக் காண்பதில்லை. பின்னவன் அதனை நேர்முகமாகப் பார்த்துக்கொண்டே செல்கிறான். செல்லுமிடத்தைத்தான் அவன் காண்பதில்லை. இந்நடையின் நன்மையும் ஆபத்தும் இவ்வொன்றிலேயே அடங்கியுள்ளன.

சீன நகரங்களின் பூங்காக்களில் முதியோர் காலைவேளையில் பின்னோக்கி நடப்பது நன்கறியப்பட்ட வழக்கமாகும். மேலைநாட்டார் இதனை நெடுங்காலம் வேடிக்கையாகவே கண்டனர். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தவரான பிளெனி விங்கோ என்பவர், பொருளாதார மந்தத்தாற் பிழைப்பு நொடித்துப்போன நிலையில், மூக்குக்கண்ணாடியிற் சிறு நிலைக்கண்ணாடிகளைப் பொருத்திக்கொண்டு, 1931 ஏப்ரல் 15 இல் பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். 1932 ஒக்டோபர் 24 இல் அவர் இஸ்தான்புல் நகரை அடைந்தார். கடலைக் கப்பலிற் கடந்தாரெனினும், நடந்த தூரம் ஏறத்தாழ 8,000 மைல் எனச் சாதனைப் பதிவுகள் கூறும். அவர் தேடியது புகழும் பொருளுமேயன்றி உடல்நலமன்று. ஆயினும் 1976 இல், 81 வயதில், அவர் மீண்டும் கலிபோர்ணியாவில் 400 மைலுக்கு மேல் பின்னோக்கி நடந்தார் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

முன்னோக்கி நடக்குங்காற் குதிக்கால் முதலிற் படிகிறது. விரல்நுனி இறுதியில் எழுகிறது. பின்னோக்கிய நடையில் விரற்பகுதி முதலில் நிலத்தைத் தொடக் குதிக்கால் பின்னர் இறங்குகிறது. திரைப்படச் சுருளைப் பின்முகமாக ஓட்டினாற்போல இது தோன்றும். கனடாவின் வோட்டர்லூப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வின்ரரும் சகாக்களும் 1989 இல் வெளியிட்ட ஆய்வு, கால்களின் அசைவு பெரும்பாலும் அவ்வாறே தலைகீழாவதாகக் கண்டது. ஆனாற் தசைகளின் தொழில் மாறிவிடுகிறது. முன்னோக்கி நடப்பவனின் குதிக்கால் படிந்தவுடன் தொடையின் முன்புறத் தசை நீண்டுகொடுத்து உடற்பாரத்தைத் தாங்குகிறது. பின்னோக்கி நடப்பவனிடத்திலோ அதே தசை சுருங்கி, முழங்காலை நிமிர்த்தி, உடலைப் பின்னே தள்ளுகிறது. தடுத்து நிறுத்தும் வேலையைச் செய்த தசை உந்தும் வேலைக்கு வந்துவிடுகிறது. குதிக்கால் நிலத்தில் மோதும் அதிர்ச்சியும் இங்கு இல்லை. அதனைக் கணுக்காலும் கெண்டைத் தசையும் ஏற்கின்றன. முழங்காற்சில்லு தொடையெலும்பின்மீது அழுத்தப்படும் விசை குறைகிறது. படியிறங்கும்போது முழங்காலின் முன்புறத்தில் நோவு காண்போருக்கு இயன்மருத்துவர் இந்நடையைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே: மூட்டை வருத்தாமல் தசைக்கு உரமேற்றலாம்.

சுருங்கி உந்தும் தசை, நீண்டுகொடுக்கும் தசையிலும் மிகுதியாக ஒட்சிசனைச் செலவிடும். மணிக்கு 3.5 மைல் வேகத்திற் சமநிலத்தில் முன்னோக்கி நடத்தல் ஓய்வுநிலையைப்போல 4.3 மடங்கு சக்தியையும், பின்னோக்கி நடத்தல் 6 மடங்கையும் வேண்டுமென உடலுழைப்பு அளவைப் பட்டியல்கள் காட்டுகின்றன. இது ஒன்றரை மடங்கு வேறுபாடுகூட அன்று. சில அடிகளே பல மைல்களுக்கு ஈடாகும் என்று பேசுவோர் இக்கணக்கைப் பார்ப்பது நன்று. பழகப் பழக இவ்வேறுபாடும் குறையுமாதலின், உடற்பருமனைக் குறைக்கவென்று மட்டும் இதனை நாடுவோர் ஏமாற்றமடையக்கூடும்.

உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது. முன்னோக்கி நடப்பவன் நடப்பதை நினைப்பதில்லை. உரையாடுகிறான், கனவு காண்கிறான். கால்கள் தாமே செல்கின்றன. திசையை மாற்றியவுடன் இவ்வசதி பறிபோகிறது. அமெரிக்க ஆய்வாளர்களான ஜூலியா சோய், ஏமி பஸ்ரியன் ஆகிய இருவரும் 2007 இல், வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரு பட்டைகளின்மேல் மனிதரை நடக்கவிட்டனர். முன்னோக்கி நடந்து கால்கள் கற்றுக்கொண்ட புதிய ஒழுங்கு, பின்னோக்கி நடந்தபோது காணப்படவில்லை. இரு திசைகளையும் நரம்புமண்டலம் தனித்தனியே ஆள்கிறது என்பது இதனாற் பெறப்பட்டது. எழுபதாண்டு நடந்த கால்களும் பின்னோக்கித் திரும்பும்போது ஓரளவுக்குப் புதிதாய்க் கற்கும் கால்களே. கண் உதவாதவிடத்து மூட்டுக்களின் உணர்வும் உட்செவியின் சமநிலையுணர்வுமே அவற்றுக்குத் துணையாகின்றன.

2018 இல் இலண்டனின் ரோஹம்ரன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வொன்று, பின்னோக்கி நகர்ந்தோர் முன்னர் கண்டவற்றை மேலும் நன்றாக நினைவுகூர்ந்தனர் எனக் கூறிற்று. செய்தித்தாள்கள் இதனைப் பெரிதுபடுத்தின. ஆனாற் பின்னோக்கிச் செல்வதாகக் கற்பனை செய்தோரிடத்தும் அதே விளைவு காணப்பட்டமையால், இப்பெருமையைக் கால்களுக்கு வழங்குதல் பொருந்தாது. பரீட்சைக்கு முதல்நாள் விடுதி மண்டபத்திற் பின்னோக்கி நடப்பவர், படியாத பாடத்தை நினைவுகூரப்போவதில்லை.

முதுமையில்தான் இவ்விடயம் பாரதூரமானதாகிறது. வயதேற ஏற முன்னோக்கிய நடையிலும் பின்னோக்கிய நடையே பெரிதும் தளர்கிறது; அடி குறுகி வேகம் குன்றுகிறது. அன்றாட வாழ்வில் அது வேண்டப்படும் கணங்களோ பல. கதவை இழுத்துத் திறக்கையில், கதிரையில் அமருமுன், குறுக்கே ஓடிய பிள்ளைக்கு வழிவிடுகையில் ஓரிரு அடி பின்வைக்க வேண்டியுள்ளது. அவ்வோரடி பிழைத்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பின் எழுந்து நடவாதோர் பலர். அப்பின்னடியைப் பயிற்றுவதே இப்பயிற்சியின் தலையாய பயன். அதே வேளையில், இதனை மிகுதியும் வேண்டிநிற்போரே தனியே செய்யக்கூடாதவராகவும் உள்ளனர். தலைச்சுற்றுள்ளோரும் பார்வை குன்றியோரும் மருத்துவரைக் கேளாது தொடங்கலாகாது. தெருவோரம் எவருக்கும் ஏற்ற இடமன்று.

மருத்துவமனைகளில் இருபுறமும் கைபிடிக்கும் சட்டங்களின் நடுவே இதனைப் பயிற்றுவர். வீட்டில் இடையூறற்ற விறாந்தை போதும். வழுக்காத தரையிற் பத்து அடி, சற்று ஓய்வு, மீண்டும் பத்து அடி. வீட்டிலுள்ள ஒருவர் எதிரே நின்று முதியவரின் இரு கைகளையும் பற்றியவாறு முன்னோக்கி நடந்துவரலாம். முதியவர் காணாத வழியை அவர் கண்டு சொல்லிக்கொண்டே வருவார்.